ஒன்பது பேர், ஒரு பொதுப் பை: தெற்கு ஸ்பெயினில் ஐந்து நாள்

(நம் குடியிருப்பின் மாதாந்திர மொட்டைமாடிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்பெயினுக்குப் போனதில்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக முப்பத்து மூன்று வருடம் கேஷ் கவுண்டரிலும் லெட்ஜரிலும் உட்கார்ந்து எழுந்தவன். போனது என் மகன் வயிற்றுப் பேத்தி. போன வருடம் மாற்றுக் கல்வித் திட்டத்தில் ஒரு பருவம் செவில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்தாள். அந்த ஊர்க்காரர்கள் அதைச் செவியா என்பார்கள். இந்த வருடம் நம் 'பி' பிளாக்கிலிருந்து இரண்டு பிள்ளைகள் அதேபோலப் போகப் போகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "படிக்கப் போற இடத்துல டூர் எதுக்குங்க? அதுவும் தெரியாத பசங்களோட?" செயலாளர், அதையே ஒரு பேச்சாகப் பேசிவிடுங்கள் என்றார். அதனால் என் பேத்தி சகமாணவர்களோடு போன ஐந்து நாள் பயணத்தை மட்டும் சொல்கிறேன். தினமும் அங்கே மாலை ஆறரைக்குக் கூப்பிடுவாள். இங்கே இரவு பத்து மணி. நான் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். பழக்க தோஷம்.

அந்தப் பகுதிக்குப் பெயர் அந்தலூசியா. பரப்பில் நம் தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். ஜனத்தொகையோ சுமார் 85 லட்சம்தான். 711ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் கடல் தாண்டி வந்தன. 1492இல் கிரனாடா விழும்வரை அங்கே ஏதாவது ஒரு மூலையில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. ஏறத்தாழ 780 வருடம். அந்தக் கணக்கு நினைவில் இருந்தால் போதும், அங்கே பார்க்கும் கட்டிடங்கள் எல்லாம் புரியும்.

புறப்படுவதற்கு முன் அவர்கள் ஒரு விதி வைத்துக்கொண்டார்களாம். வெளியூர் போவதற்கு முன் சொந்த ஊரைப் பார்த்திருக்க வேண்டும். நல்ல விதி. செவில் பேராலயத்தின் கோபுரத்துக்கு ஹிரால்டா என்று பெயர். ஒரு காலத்தில் மசூதியின் பாங்கு சொல்லும் கோபுரமாக இருந்தது. உள்ளே பெரும்பாலும் படியே கிடையாது, சரிவுப் பாதைதான். குதிரையில் ஏறிப் போகலாம் என்று கட்டினார்களாம். முட்டிவலிக்காரர்கள் கவனிக்க.

எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது பேராலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆவணக் காப்பகம். 'இந்தியாஸ் காப்பகம்' என்று பெயர். நம் இந்தியா அல்ல, அமெரிக்கக் கண்டத்தைத்தான் அவர்கள் அப்படி அழைத்தார்கள். அந்தக் கட்டிடம் 16ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் பேரம் பேசுவதற்காகக் கட்டியது. 1785இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர், கடல் கடந்த ஆட்சியின் தாள்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கச் சொன்னார். இன்று சுமார் 43,000 கட்டுகள், எட்டுக் கோடிப் பக்கங்கள் இருக்கின்றன. கப்பல் எப்போது வந்தது, எவ்வளவு வெள்ளி, அரசருக்குரிய ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணமும் இல்லை. பேத்தி சொன்னபோது எனக்குக் கையெல்லாம் பரபரத்தது. ஆனால் பாருங்கள், அவ்வளவு வெள்ளி வந்தும் இரண்டாம் பிலிப் மன்னர் 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தார். வருமானம் அதிகமாக இருக்கிறவருக்குக் கடன் கொடுக்கும்போதுதான் அதிகம் பயப்பட வேண்டும் என்று எங்கள் மேனேஜர் ஒருவர் சொல்வார்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். ஐம்பது பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றி, இரண்டே நாளில் மூன்று ஊர் காட்டி, ராத்திரி ஆட்டம் பாட்டத்தோடு கொண்டுவந்து விடும் டூர்களும் உண்டாம். அதில் போகவில்லை. அது பயணமில்லை, பார்சல் சர்வீஸ். இவர்கள் ஒன்பது பேர் தாங்களே திட்டம் போட்டார்கள். ஜெர்மனிப் பையன் ஒருவன், போலந்துப் பெண் ஒருத்தி, இத்தாலிப் பையன்கள் இருவர், பிரான்ஸ், மெக்சிகோ, போர்ச்சுகல் என்று ஒவ்வொருவர், மொராக்கோவிலிருந்து ஒரு பையன், அப்புறம் நம் வீட்டுப் பெண்.

ஸ்பெயினில் கூட்டமாகப் போகும்போது ஒரு வழக்கம் இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே ஒரு பையில் போட்டுவிடுவார்கள். அதற்கு 'போத்தே' என்று பெயர். பொதுச் செலவெல்லாம் அந்தப் பையிலிருந்து. நம் மெயின்டனன்ஸ் கணக்குதான். தாத்தா பேங்க்கில் இருந்தவர் என்று இவள் வாயை விட்டிருக்கிறாள், பை இவள் கைக்கு வந்துவிட்டது.

முதல் நாள் இரவே போன் வந்தது. "தாத்தா, பிரச்சினை. பீர் குடிக்கறவங்க பொதுப் பையிலருந்து குடிக்கறாங்க. நானும் மொராக்கோ பையனும் குடிக்கறதில்ல. அவங்க தட்டுல ஜாமோன் இருக்கு, நாங்க ரெண்டு பேரும் அதையும் சாப்பிடறதில்ல. கேட்டா சின்ன விஷயத்துக்குச் சண்டையான்னு நினைப்பாங்களோ?" ஜாமோன் என்பது உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை. அங்கே காய்கறி சூப்பின் தலையிலும் அதைத் தூவிவிடுவார்கள்.

தரைத்தளத்துக்காரர் லிஃப்ட் செலவு தர வேண்டுமா என்று நாம் நான்கு கூட்டம் நடத்தியவர்கள். நான் என்ன சொல்ல? "கண்ணு, எல்லாருக்கும் பொதுவானது எதுன்னு முதல்லயே எழுதிடு. எழுதாத கணக்குதான் சண்டைல முடியும்" என்றேன். அவள் எழுதினாள். ரொட்டி, தண்ணீர், பஸ், தங்குமிடம் பொதுப் பை. பீரும் ஜாமோனும் அவரவர் காசு. யாரும் முகம் சுளிக்கவில்லையாம். ஜெர்மனிப் பையன் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து ஒரு கூட்டு செவிலில் கிடைக்கும், நம் வாய்க்குப் பிடிக்கும். கத்தரிக்காயை வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்கே பசிக்கிற நம்மவர்கள் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்வது உத்தமம்.

செவிலிலிருந்து கோர்தோபாவுக்கு வேக ரயிலில் முக்கால் மணி நேரம். இவர்கள் போனது மே மாத முதல் வாரம். அதுதான் முற்றத் திருவிழா சமயம். இதை நம் தோட்டக் குழுவினர் கட்டாயம் கேட்க வேண்டும். கோர்தோபாவில் வெயில் கடுமை, கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். அதனால் பழைய வீடுகளெல்லாம் நடுவில் முற்றம் வைத்துக் கட்டியவை. சில முற்றங்களைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும். ஒரே கிணறு, துணி துவைக்க ஒரே தொட்டி. நம் பக்கத்து ஒண்டுக்குடித்தனம்தான். அந்த முற்றங்களில் சுவர் முழுக்கப் பூந்தொட்டி மாட்டி, எந்த முற்றம் அழகு என்று 1921 முதல் போட்டி நடத்துகிறார்கள். 2012இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மே மாதத்தில் வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். உயரத்திலிருக்கும் தொட்டிக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவார்கள் தெரியுமா? நீளமான நாணல் கழியின் நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டி, அதில் தண்ணீர் மொண்டு, தூக்கிக் கவிழ்ப்பார்கள். ஒரு வீட்டுப் பாட்டி இவள் கையிலும் கழியைக் கொடுத்து ஊற்றச் சொன்னாராம். பாதித் தண்ணீர் இவள் தலையில். ஒரு தொட்டிக்கு இவ்வளவு பாடு என்றால் நூற்றுக்கணக்கான தொட்டிக்கு யோசித்துப் பாருங்கள். நாம் இரண்டாவது மாடி வராண்டா துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அங்கேதான் அந்தப் பெரிய மசூதியும் இருக்கிறது. 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கியது, பின்னால் வந்தவர்கள் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இன்றும் 850க்கு மேல் தூண்கள் நிற்கின்றன. பலவும் பழைய ரோமானியக் கட்டிடங்களிலிருந்து எடுத்தவை. எடுத்த தூண் குட்டையாக இருந்தது, கூரையோ உயரமாக வேண்டும். அதற்காக ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு வைத்தார்கள், சிவப்புச் செங்கல் ஒன்று, வெள்ளைக் கல் ஒன்று என்று மாறிமாறி. 1236இல் நகரம் கிறிஸ்தவ மன்னர் கைக்கு வந்தது, மசூதி பேராலயமானது. 1523இல் நட்டநடுவில் இடித்து உயரமான ஆலயக் கூடம் எழுப்பத் தொடங்கியபோது, நகர சபையே அதை எதிர்த்தது. எதிர்த்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். அரசர் அனுமதி கொடுத்துவிட்டார், வேலை நடந்தது.

இன்று அது கத்தோலிக்கப் பேராலயம், முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதி இல்லை. மொராக்கோப் பையன் உள்ளே வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லையாம். அவன் ஊர் தெத்துவான். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிரனாடாவை விட்டு வெளியேறிப் போன மக்கள் இடிந்து கிடந்த அந்த ஊரைப் புதுப்பித்துக் கட்டிக் குடியேறினார்கள். அவன் வீட்டிலும் தாங்கள் அந்த வழி வந்தவர்கள் என்று பேச்சு உண்டாம். "நாளைக்கு அல்ஹம்ப்ராவுல பேசறேன்" என்று மட்டும் சொன்னானாம். அவன் இந்தப் பயணத்துக்கு வந்ததே அந்த அரண்மனைச் சுவரில் இருக்கும் அரபு எழுத்தைத் தன் கண்ணால் படிக்கத்தான்.

அல்ஹம்ப்ரா என்பது கிரனாடா ஊருக்கு மேலே ஒரு குன்றில் இருக்கும் கோட்டையும் அரண்மனையும். கடைசியாக ஆண்ட நஸ்ரி சுல்தான்கள் கட்டியது. உள்ளே சிங்க முற்றம் என்று ஒன்று, பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் வட்டமாக நின்று ஒரு நீர்த்தொட்டியைத் தாங்கும். அந்தப் படத்தை நூலகப் புத்தகத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு ஆசை. "எனக்காக ஒரு படம் எடுத்து அனுப்பு கண்ணு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

டிக்கெட் பல வாரம் முன்னாலேயே வாங்க வேண்டும். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அதில் இருக்கும். குன்றில் மற்ற இடங்களை அன்று எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். நஸ்ரி அரண்மனைகளுக்கு மட்டும் அரை மணி நேரக் கெடு, இவர்களுக்குப் பதினொன்றரை. அதற்குள் நுழையாவிட்டால் அவ்வளவுதான். பதினொன்று ஐந்துக்கு வாசலில் நின்றுகொண்டு மொராக்கோப் பையன் சட்டைப்பை, பேன்ட் பை, முதுகுப்பை எல்லாம் தடவுகிறான். பாஸ்போர்ட் இல்லை. தொலைந்துவிடக் கூடாது என்று விடுதி லாக்கரிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறான். போனில் இருந்த படத்தைக் காட்டினால், அசல் வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். கவுண்டரில் உட்கார்ந்த எனக்கு அது தெரியும்.

விடுதி எதிர்க் குன்றில், அல்பைசின் என்ற பழைய குடியிருப்பில் இருக்கிறது. சந்து சந்தாக ஏறும் தெருக்கள். ஓடினால் நேரத்துக்கு ஆகாது, டாக்ஸி பிடிக்க வேண்டும். போக வரக் காசு யார் கொடுப்பது? ஜெர்மனிப் பையன் சொன்னான், மறந்தவன்தானே கொடுக்க வேண்டும், பொதுச் செலவு எது என்று எழுதி வைத்திருக்கிறோமே என்று. கணக்குப்படி அவன் பேச்சு ரொம்பச் சரி. எழுதியது இவளேதான். இருந்தும் இவள் பையைத் திறந்து காசை எடுத்து மொராக்கோப் பையன் கையில் கொடுத்து, "ஓடு" என்றாள். போக்குவரத்து பொதுச் செலவு என்று எழுதியிருக்கிறது, டாக்ஸியும் போக்குவரத்துதான் என்று விளக்கமும் சொன்னாளாம். ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் ஒத்துக்கொண்டேன்.

ஐந்து பேர் உள்ளே போனார்கள். நம் பெண், போலந்துப் பெண், இத்தாலிப் பையன் ஒருவன், மூவரும் அவனுக்காக வாசலில் நின்றார்கள். பன்னிரண்டு அடித்தது, கெடு முடிந்தது. அவன் பன்னிரண்டு பத்துக்கு மூச்சிரைக்க வந்தான், கையில் பாஸ்போர்ட். நான்கு டிக்கெட்டும் வீண்.

பிறகு அவர்கள் நால்வரும் ஹெனராலிஃபே தோட்டத்துக்குப் போனார்கள், அதற்குக் கெடு இல்லை. தண்ணீர்க் கமிட்டி இருந்தால் இதையும் கேளுங்கள். குன்றின் மேல் ஊற்று ஏதும் கிடையாது. தாரோ என்ற ஆற்றை சுமார் ஆறு கிலோமீட்டர் மேலே மறித்து, சரிவு பார்த்து வெட்டிய வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். மோட்டார் இல்லை, டேங்கர் லாரி இல்லை. வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் 'அசேக்கியா' என்றுதான் இன்றும் பெயர், அரபிச் சொல். அதன் கரையில் உட்கார்ந்து யாரும் யாரோடும் பேசவில்லை என்றாள்.

மத்தியானத்துக்கு மேல்தான் ஜெர்மனிப் பையன் வேலையைக் காட்டினான். அரண்மனையை இரவிலும் தனி டிக்கெட்டில் பார்க்கலாம், அதுவும் தீர்ந்துபோயிருந்தது. யாராவது ரத்து செய்தால் திரும்ப வரும் என்று அவன் போனை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தானாம். ஐந்தரை மணிக்கு இரண்டு டிக்கெட் வந்தது. பார்க்க வேண்டியவர்களோ நாலு பேர்.

ஒன்று யாருக்கு என்பதில் பேச்சே இல்லை. இன்னொன்றுக்கு இத்தாலிப் பையன், எங்கள் நாட்டில் பழைய சுவருக்குப் பஞ்சமில்லை என்று ஒதுங்கிக்கொண்டான். மிச்சம் இரண்டு பெண்கள். போலந்துப் பெண் படிப்பது கட்டிடக் கலை. பை நம் பெண் கையில், டிக்கெட் வாங்கும் விரலும் அவளுடையது. போலந்துப் பெண்ணின் பெயரை அடித்து அனுப்பிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள்.

"சிங்க முற்றம் பார்த்தியா கண்ணு?"

"இல்ல தாத்தா. உங்க படம் வராது."

எங்கள் வீட்டில் அன்று இரவு பெரிய பேச்சு. மகன், "இவ ஒரு ஏமாளி, அத்தனை தூரம் போய் யாருக்கோ விட்டுக்கொடுத்துட்டா" என்றான். மருமகள், "டிக்கெட் காசும் போச்சு, பார்க்கவும் இல்ல" என்றாள். இரண்டும் உண்மை. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், நான் படித்த படிப்பில் அந்தத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நஷ்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் உட்கார்ந்து படித்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டியே இருந்திருக்காது. எடுக்க வேண்டி வந்தது, ஒரு நிமிடத்தில் எடுத்தாள், யாரிடமும் கேட்கவில்லை. என்னிடமும்தான். டூர் எதுக்கு என்று கேட்டவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

அன்றிரவு மிச்சம் ஏழு பேரும் எதிர்க் குன்றில் சான் நிக்கோலாஸ் மேடையில் உட்கார்ந்து, விளக்குப் போட்ட அல்ஹம்ப்ராவைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். உள்ளே போனவர்கள் நள்ளிரவுக்கு வந்தார்கள். போலந்துப் பெண் நோட்டு முழுக்கக் கூரை வரைந்து வைத்திருந்தாள். அந்தப் பையன், ஒரே வாசகம் சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது, இறைவனைத் தவிர வெற்றியாளன் எவனும் இல்லை என்று பொருள், தோற்றுப்போன அரசர்களின் வீட்டில் அதைப் படித்தேன் என்றானாம். அதற்கு மேல் பேசவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன்னால் அவன் எல்லோரையும் இழுத்துக்கொண்டு திரும்பக் குன்றேறினான். கோட்டையின் நீதி வாசலுக்கு டிக்கெட் வேண்டாம். முதலாம் யூசுஃப் சுல்தான் 1348இல் கட்டியதாக அதன் மேலேயே அரபியில் வெட்டியிருக்கிறது. அதை எழுத்துக் கூட்டி நிறுத்தி நிறுத்திப் படித்து, ஸ்பானிய மொழியில் சொல்லி, இவளுக்காக இன்னொரு தடவை ஆங்கிலத்திலும் சொன்னான். வழியில் போன சுற்றுலாக் கூட்டம் ஒன்று நின்று கேட்டுவிட்டு, கைடு என்று நினைத்து இரண்டு யூரோ கொடுத்ததாம். அது பொதுப் பையில் வரவு. கீழே இறங்கி, அதே சுல்தான் 1349இல் நிறுவிய மதரசாவையும் பார்த்தார்கள். இன்று அது கிரனாடா பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது.

போகப் போகும் இரண்டு பேருக்கும்: அசல் பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும், நகல் விடுதியில் இருக்கட்டும். மாற்றி வைக்காதீர்கள். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை சின்னக் கடைகள் மூடியிருக்கும், மருந்து மாத்திரை காலையிலேயே வாங்குங்கள். செவில் தெருவெல்லாம் ஆரஞ்சு மரம், பறித்துத் தின்ன வேண்டாம், வேப்பங்காய் மாதிரி கசக்கும். மார்மலேட் ஜாமுக்குத்தான் ஆகும். பெற்றோருக்கு: இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியில் இருக்கிறார்களே என்று பதற வேண்டாம். அந்த ஊரில் அப்போதுதான் தாத்தா பாட்டிகளே சாப்பிட வெளியே வருகிறார்கள்.

கடைசியாகக் கணக்கு. செவில் பஸ் நிலையத்தில் இறங்கியபோது பையில் 7 யூரோ 40 சென்ட் மிச்சம். ஒன்பதால் வகுத்தால் ஆளுக்கு 82 சென்ட், அதிலும் இரண்டு சென்ட் இடிக்கும். வகுக்கவில்லை. சுர்ரோ என்று நம் முறுக்கு மாதிரி மாவைப் பிழிந்து பொரித்துத் தருவார்கள். அதை வாங்கி ஒன்பது பேரும் நின்றபடியே தின்றார்கள். டேபுக்கில் இருப்பு பூஜ்யம், கையெழுத்துப் போட்டு எனக்குப் படம் அனுப்பினாள். டாலி ஆகியிருந்தது.

கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.